வெண்டைக்காய் நோட்டு தாவிய வாரம்

பதினொன்றாம் வகுப்பில் எங்களுக்குப் பொருளியல் நடத்த ஆள் இல்லை. இருந்த டீச்சர் கல்யாணமாகி, மாற்றல் வாங்கிக்கொண்டு தெற்கே போய்விட்டார். அவர் இடத்துக்கு யாரும் வந்து சேரவில்லை. உத்திரமேரூரில் நான் படித்த பெண்கள் பள்ளியில், வணிகவியல் பிரிவுக்கு மதியச் சாப்பாடு முடிந்ததும் வருகிற பீரியட் அது. சாப்பிட்ட தெம்பும் கேட்க ஆளில்லாத தைரியமும் சேர்ந்தால் வகுப்பு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பக்கத்து அறையில் கணக்குப் பாடம் நடத்துகிறவர் சுவரைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோனார்.

ஒருநாள் ஹெச்.எம். டீச்சரே வந்தார். திட்டவில்லை. மிச்சமிருக்கும் பாடங்களை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள், அவரவர் பாடத்தைப் படித்துவிட்டு வந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள், வேறு ஆள் வரும்வரை இதுதான் ஏற்பாடு என்று சொல்லிவிட்டுப் போனார். சீட்டுக் குலுக்கிப் போட்டோம். எனக்கு வந்தது பணவீக்கம்.

நான் திருப்புலிவனத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அப்பாவுக்கு ஏரிப்பாசனத்தில் கொஞ்சம் நெல் நிலம். எங்கள் வீட்டில் பணம் என்பது அறுப்பு முடிந்ததும் வரும், சில நாள் இருக்கும், பிறகு இருக்காது. அது வீங்கி நான் பார்த்ததில்லை. புத்தகத்தைத் திறந்தால் அதில் நான்கு பெயர்கள் இருந்தன. தவழும் பணவீக்கம், நடக்கும் பணவீக்கம், ஓடும் பணவீக்கம், தாவும் பணவீக்கம். கைக்குழந்தை வளர்கிற மாதிரி வரிசையாகச் சொல்லி, கடைசியில் நின்றதற்கு மட்டும் இன்னொரு பெயரும் கொடுத்திருந்தார்கள்: அதிபணவீக்கம். விலைவாசி கட்டுக்கடங்காமல் ஏறி, பணம் தன் மதிப்பை அடியோடு இழந்துவிடுகிற நிலை என்று விளக்கம். எங்கோ ஒரு தேசத்தில் ரொட்டி வாங்கக் கூடை நிறைய நோட்டு கொண்டுபோனார்கள் என்று ஒரு உதாரணம். மனப்பாடம் பண்ணிவிட்டேன். நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்திருப்பேன். ஆனால் ஒரு சொல்கூட உள்ளே இறங்கவில்லை.

என் பக்கத்தில் உட்காருகிறவளிடம் முதலில் சொல்லிப் பார்த்தேன். அவள் எங்கள் ஊருக்கு அடுத்த நிறுத்தத்தில் இறங்குகிறவள். வீட்டுக்குப் பின்னால் கொய்யா மரங்கள் உண்டு என்பதால் பையில் எப்போதும் கொய்யா வாசனை அடிக்கும். வகுப்பில் அவளைக் கொய்யாக்காரி என்றுதான் கூப்பிடுவோம். கோபித்துக்கொள்ள மாட்டாள். நான் ஒப்பித்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, "பணம் இன்னா காலாடி, வீங்கறதுக்கு?" என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. கூடை நிறையப் பணம் வைத்திருக்கிறவன் பணக்காரன்தானே, அவனுக்கு ரொட்டி கிடைப்பதில் என்ன கஷ்டம் என்று அடுத்ததாகக் கேட்டாள். அதற்கும் தெரியவில்லை. இந்த லட்சணத்தில் வகுப்பின் முன்னால் போய் நிற்க முடியாது என்று மட்டும் தெரிந்தது. அப்போதுதான், நாமே பணம் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. தோன்றியதும் எனக்கு உட்கார முடியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் கொய்யாக்காரியிடம் சொல்லச் சொல்ல, அவளும் சீட்டு நுனிக்கு வந்துவிட்டாள்.

பழைய கேள்வித்தாள்களைச் சின்னச் சின்னதாக வெட்டினோம். ஒரு பக்கம் அச்சு இருக்கும், மறுபக்கம் வெறுமையாக இருக்கும். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி மையில் தொட்டு வைத்தால் பூப்போல ஒரு முத்திரை விழும். சின்ன வயதில் எல்லாரும் விளையாடியதுதான். முத்திரையை யார் வேண்டுமானாலும் வைத்துவிடக் கூடாதே என்பதற்காக, சிவப்பு மையில் வைத்தது மட்டும்தான் செல்லும் என்று முடிவு செய்தோம். பூவுக்குப் பக்கத்தில் 1 என்று எண்ணும் போட்டோம். வகுப்பில் சிவப்பு மை பாட்டில் என்னிடம் மட்டும் இருந்தது. ஆகவே நான்தான் பேங்க்.

திங்கட்கிழமை எல்லாருக்கும் ஒரே அளவில் நோட்டு கொடுத்துவிட்டு, இதை வைத்து வாங்குங்கள், விற்றுக்கொள்ளுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி எழுந்து, ஜன்னலோர இடத்தை ஒரு பீரியடுக்கு விட்டுத்தந்தால் ஒரு நோட்டு தருகிறேன் என்றாள். ஜன்னலோரக்காரி யோசித்துவிட்டு நகர்ந்தாள். அந்த நோட்டை வைத்து அவள் கொய்யாக்காரியிடம் ஒரு கொய்யா வாங்கினாள். அவ்வளவுதான், வகுப்பு பற்றிக்கொண்டது.

அந்த மதியம் மாதிரி ஒரு மதியத்தை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. கொடுக்காப்புளி, எலந்தவடை, ரிப்பன், ரீஃபில் எல்லாம் பெஞ்சுக்கு வந்தன. பஜாரில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தவர் மகள், மறுநாள் கடையில் விற்காமல் கிடந்த ஸ்டிக்கர் பொட்டு அட்டைகளையும், பட்டாம்பூச்சி போட்ட கிளிப் ஒன்றையும் எடுத்துவந்து கடை விரித்தாள். கையெழுத்து அழகாக இருக்கிறவள் ரெக்கார்டுக்குத் தலைப்பு எழுதிக்கொடுத்தாள். இன்னொருத்தி மீன்வால் பின்னல் போட்டுவிட்டாள். எல்லாவற்றுக்கும் வெண்டைக்காய் நோட்டு. ஒரு கொய்யா ஒரு நோட்டு, ஒரு பின்னல் ரெண்டு நோட்டு என்று யாரும் சொல்லாமலே ஒரு விலை வந்து உட்கார்ந்தது. பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டவே இல்லை. பேரம் பேசுகிறவர்கள் குசுகுசுவென்றுதான் பேசுவார்கள் என்று எங்களுக்கே அன்றுதான் தெரிந்தது.

வகுப்பில் உண்டியல் என்று நாங்கள் பெயர் வைத்த ஒருத்தி இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். கடைசி பெஞ்சில் உட்காருவாள். கிடைக்கிற எதையும் செலவழிக்க மாட்டாள். அவளுக்கு அந்தப் பட்டாம்பூச்சி கிளிப் மேல் ஆசை. ஃபேன்சி ஸ்டோர்காரி அதற்குப் பதினைந்து நோட்டு என்று சொல்லியிருந்தாள். உண்டியல் எல்லாருக்கும் தண்ணீர் பிடித்துவந்து கொடுத்தாள், ரெண்டு பேர் பெஞ்சைத் துடைத்தாள், அக்கவுண்டன்ஸி கணக்கு போட்டுக்கொடுத்தாள். வந்த நோட்டையெல்லாம் ஜாமெட்ரி பாக்ஸில் அடுக்கி வைத்தாள். வெள்ளிக்கிழமை வாங்கிக்கொள்கிறேன், வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே என்று சொல்லி வைத்தாள்.

புதன்கிழமை லீடர் என்னிடம் வந்தாள். வகுப்புத் தலைவி என்பதால் இந்த விளையாட்டில் அவள்தான் அரசாங்கம். ஆண்டு விழா வரப்போகிறது, வகுப்பை அலங்காரம் பண்ண வேண்டும், காகிதத் தோரணம் செய்ய ஆள் வேண்டும், சும்மா செய்யச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள், கூலி கொடுக்க நோட்டு அடித்துக்கொடு என்றாள். எனக்கும் சரியென்றே பட்டது. தோரணம் நல்ல காரியம், காகிதம் இருக்கிறது, மை இருக்கிறது, வெண்டைக்காய் வீட்டில் இருக்கிறது. அம்மா சாம்பாருக்கு வைத்திருந்ததில் நல்லதாகப் பார்த்து ரெண்டை எடுத்துவந்தேன். காம்பு மட்டும் கிடக்கிறதே என்று அம்மா கேட்டதற்கு எலி என்று சொன்னேன்.

அடித்தேன். லீடர் அதைத் தோரணம் செய்தவர்களுக்குக் கூலியாகக் கொடுத்தாள். கையில் நோட்டு வந்ததும் அவர்கள் எல்லாரும் நேராகக் கொய்யாக்காரியிடம் போனார்கள். மரம் என்ன, எங்களைக் கேட்டா காய்க்கிறது? வழக்கம்போல ஒரு பை கொய்யாதான் இருந்தது. கேட்கிற கைகள் மட்டும் அதிகமாகியிருந்தன. "ரெண்டு நோட்டு குடுத்தா தரேன்" என்றாள் அவள். கொடுத்தார்கள். அவளுக்குக் கையில் நோட்டு நிறையச் சேர்ந்தது, பின்னல் போடப் போனாள். பின்னல்காரி நாலு என்றாள்.

வியாழக்கிழமை தோரணக்காரர்கள் பழைய கூலி கட்டுப்படியாகவில்லை என்று உட்கார்ந்துவிட்டார்கள். லீடர் ஓடிவந்தாள். இன்னும் அடி என்றாள். அடித்தேன். கூலி இரட்டிப்பானது. மதியச் சாப்பாடு முடிவதற்குள் கொய்யாவும் இரட்டிப்பானது. மறுபடி ஓடிவந்தாள். வெண்டைக்காய் காய்ந்து முத்திரை விழாமல் போனது. "பழைய நோட்டு மேல ஒரு சைபர் போட்ருடி, யார் கேக்கப் போறாங்க" என்று அவளே வழி சொன்னாள். அவளிடம் கூலிக்கென்று மிச்சமிருந்த நோட்டுகளில் சிவப்பு மையைத் தொட்டு சைபர் போட்டேன். ஒன்று பத்தானது. எனக்குக் கை பரபரத்தது. வெறும் காகிதத்தில் ஒரு முட்டை போட்டால் ஒரு ஆளின் கூலியே பத்து மடங்காகிறது என்றால் யாருக்குத்தான் பரபரக்காது? வகுப்பே என் பெஞ்சைச் சுற்றி நின்றது. உலகத்தில் அவ்வளவு செல்வாக்கோடு நான் அதற்குப் பிறகு எங்கேயும் இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை தாவியது.

காலையில் பிரேயர் முடிந்து வகுப்புக்குள் வரும்போதே விலை ஏறிக்கொண்டுதான் வந்தது. கூலி வாங்கியவர்கள் அதைக் கையில் வைத்துக்கொள்ளப் பயந்தார்கள். மத்தியானத்துக்கு வைத்திருந்தால் பாதிகூடத் தேறாது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. சாப்பாட்டு மணி அடித்ததும் டிபன் பாக்ஸைக்கூடத் திறக்காமல் ஓடினார்கள். கொய்யாக்காரி முன்னால் வரிசை நின்றது. வரிசையின் முன்னால் நின்றவளுக்குச் சொன்ன விலை வேறு, நடுவில் நின்றவளுக்குச் சொன்ன விலை வேறு. "இப்பதானடி அம்பது சொன்ன?" என்று ஒருத்தி கேட்டாள். "அது அப்ப" என்றாள் கொய்யாக்காரி. அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவள் வாங்க நினைத்த எலந்தவடை அதற்குள் நூறுக்குப் போயிருந்தது. லீடர் ஒவ்வொரு முறையும் என்னைப் பார்ப்பாள், நான் சைபர் போடுவேன். பத்து நூறானது, நூறு ஆயிரமானது. மீன்வால் பின்னல் லட்சத்தைத் தொட்டபோது எல்லாரும் கைதட்டினார்கள். பத்தாம் வகுப்புப் பெண்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

அப்போது உண்டியல் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்துகொண்டு ஃபேன்சி ஸ்டோர்காரியிடம் வந்தாள். எண்ணிச் சரிபார்த்து அடுக்கிய நோட்டுகளை நீட்டினாள். நாலு நாள் வேலை அது. ஃபேன்சி ஸ்டோர்காரி அதைப் பார்த்தாள், சங்கடமாக எங்களைப் பார்த்தாள். அந்த நோட்டுக்கு அப்போது ஒரு கொடுக்காப்புளிச் சுளைகூட வராது. நீயே சொன்ன விலைதானே என்று உண்டியல் மெதுவாகக் கேட்டாள். அவள் நோட்டுகளை மறுபடி அடுக்கி உள்ளே வைத்து மூடினாள். தன் இடத்துக்குப் போய்த் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டாள்.

கைதட்டல் அடங்கியது. அந்த நேரம் பார்த்து இன்னொருத்தி நோட்டுக் கற்றையோடு கொய்யாக்காரியிடம் போனாள். கொய்யாக்காரி கற்றையைத் தள்ளிவிட்டாள். "நோட்டு வோணாம். ஸ்டிக்கர் பொட்டு கீதா? அத்த குடு, கொய்யா எடுத்துக்கினு போ."

அது பெஞ்சு பெஞ்சாகப் பரவியது. நோட்டு வேண்டாம், பொட்டு இருந்தால் கொடு. ஒரு வரிசை முடிவதற்குள் வெண்டைக்காய் நோட்டை வாங்க வகுப்பில் ஒரு ஆள் இல்லை. ஒருத்தி அதில் கொடுக்காப்புளி விதையை மடித்தாள். ஒருத்தி ராக்கெட் செய்து ஜன்னல் வழியாக விட்டாள். மற்றவர்களும் விட்டார்கள். லட்சமும் ஆயிரமும் மைதானத்தில் பறந்தன.

நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனப்பாடம் செய்த அந்த வரி எனக்குள் தானாக ஓடியது. பணம் தன் மதிப்பை அடியோடு இழந்துவிடுகிற நிலை. ஒவ்வொரு சொல்லும் என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. கூடை நிறைய நோட்டு இருந்தும் ரொட்டி ஏன் கிடைக்கவில்லை என்று கொய்யாக்காரி கேட்டாளே, அந்தக் கூடைக்காரர்கள் என் எதிரில் பாவாடை தாவணியில் நின்றார்கள். கரும்பலகைக்கு ஓடினேன். தாவும் பணவீக்கம் என்று பெரிதாக எழுதினேன். "இதாண்டி அது. இதேதான்" என்று கத்தினேன். திங்கட்கிழமை விலை, புதன் விலை, வியாழன் விலை என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். வகுப்பே சேர்ந்து சொன்னது. புதன்கிழமை தவழ்ந்தது, வியாழன் காலை நடந்தது, மதியம் ஓடியது என்று அவர்களே பெயர் வைத்தார்கள்.

திரும்பிப் பார்த்தால் வாசலில் ஹெச்.எம். டீச்சர். கையில் ஒரு ராக்கெட். அதைப் பிரித்து, சிவப்புப் பூவையும் சைபர்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். யார் வேலை என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவே வேண்டாம், கையெல்லாம் சிவப்பு. நடந்ததைச் சொல் என்றார். பயத்தில் ஆரம்பித்தேன், சொல்லச் சொல்லப் பயம் போய்விட்டது. அவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். முடித்ததும் ஒரு கேள்வி கேட்டார். அது வெங்காய விலை ஏறி ஊரே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம். ஹோட்டலில் ஆம்லெட்டுக்கு வெங்காயத்துக்குப் பதில் முட்டைக்கோஸ் போட்டார்கள். "வெங்காயம் இப்ப எங்கியோ போயிடுச்சே. அப்ப அதுவும் அதிபணவீக்கம்தானா?"

ஆமாம் டீச்சர் என்று வாயெடுத்தேன். பின்னாலிருந்து கொய்யாக்காரி எழுந்தாள். "இல்ல டீச்சர். வெங்காயம் மட்டுந்தான் ஏறிச்சி. பஸ் டிக்கெட்டு ஏறல, எங்கம்மா கூலி ஏறல. வெளச்சல் இல்ல, அதால ஏறிச்சி. இங்க அப்டி இல்ல. கொய்யா, பின்னலு, ஜன்னலோரம், எல்லாம் ஒண்ணா ஏறிச்சி." தான் சொல்ல வருவது தனக்கே அப்போதுதான் புரிகிற மாதிரி அவள் முகம் மாறியது. "கொய்யா ஏறவே இல்ல டீச்சர். அது அதே கொய்யாதான். நோட்டுதான் எறங்கிப்போச்சி."

புத்தகத்தில் அந்த வாக்கியம் இல்லை. பிற்காலத்தில் கல்லூரியில் படித்த தடிமனான புத்தகங்களிலும் அவ்வளவு நேராக யாரும் சொல்லி நான் பார்க்கவில்லை. இன்றைக்கும் டிவியில் யாராவது தக்காளி விலையைச் சொல்லி அந்தப் பெரிய வார்த்தையைப் போட்டால், என் வாய் தானாக இல்லை என்று சொல்லும்.

ஹெச்.எம். டீச்சர் தலையை ஆட்டினார். பிறகு கடைசி பெஞ்சைப் பார்த்தார். அந்தப் பெண் ஏன் அழுதுகொண்டிருக்கிறாள் என்று விசாரித்தார். லீடர்தான் சொன்னாள். ஹெச்.எம். டீச்சர் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டார். "சரி, வீங்க வெச்சிட்டீங்க. வத்த வைக்கிறது எப்படின்னும் பாத்துட்டுச் சொல்லுங்க. அப்புறம் மைதானத்தைக் கூட்டிடுங்க." அவ்வளவு சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம், கூட்டம். சனி ஞாயிறு முழுக்க எனக்கு அதே நினைப்புதான். அந்தச் சொல் நாக்கில் ஒட்டிக்கொண்டது. அப்பா பம்புசெட் ரிப்பேருக்குச் சொன்ன தொகையைக் கேட்டு, இது நடக்கும் பணவீக்கம் என்றேன். அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சாப்பிட்டார். எலி வெண்டைக்காயை மட்டும் தின்பது எப்படி என்று அம்மா கேட்டதற்கு வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டப்போகிறாள் என்று பார்த்தால், உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள். கேட்டு முடித்து, அந்தப் பொண்ணுக்கு அப்புறம் கிளிப்பு கொடுத்தீர்களா இல்லையா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். அதற்கப்புறம் என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

திங்கட்கிழமை பொருளியல் பீரியடில் சண்டையாகவே பேசினோம். பழைய நோட்டெல்லாம் செல்லாது, புது நோட்டு போடலாம் என்றாள் லீடர். யார் வாங்குவார்கள் என்று கேட்டாள் பின்னல்காரி. போன வாரம் ஏமாந்தவள் இந்த வாரமும் ஏமாற வேண்டுமா என்றாள் இன்னொருத்தி. நீல மையில் போடலாம், வேறு காயில் போடலாம் என்றெல்லாம் நான் சொன்னேன். மையில் என்ன இருக்கிறது என்று என்னையே மடக்கினார்கள். எவ்வளவு கொஞ்சமாக அடித்தாலும், கேட்டால் மறுபடி அடித்துவிடுவேன் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பேச்சு அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது.

கொய்யாக்காரி என் டெஸ்க்கிலிருந்து சிவப்பு மை பாட்டிலை எடுத்தாள். "இவ கையில இருந்தா அடிச்சிக்கினேதான் இருப்பா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் மறுக்க முடியவில்லை. அவள் நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய் உண்டியலின் முன்னால் பாட்டிலை வைத்தாள். கையில் வந்ததைக் காலி பண்ணத் தெரியாதவள் ஒருத்திதான் இந்த வகுப்பில் இருக்கிறாள், இவள்தான் இனி பேங்க் என்றாள்.

உண்டியல் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூடியைத் திருகி இறுக்கினாள். ஆளுக்கு ஐந்து நோட்டு, அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை, வகுப்பு முழுக்கக் கைதூக்கினால் தவிர அடிக்கமாட்டேன் என்றாள். அவ்வளவு நீளமாக அவள் பேசி நாங்கள் கேட்டதில்லை.

மறுநாள் புது நோட்டு வந்தது. கையில் வாங்கிக்கொண்டார்களே தவிர, கடை விரிக்க யாரும் முன்வரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யார் முதலில் நம்பி ஒரு பொருளைக் கொடுப்பது? கொய்யாக்காரி பையைத் திறந்தாள். அன்றைக்குக் கொண்டுவந்ததிலேயே பெரியதாக, மஞ்சள் பாய்ந்து மணக்கிற ஒரு கொய்யாவை எடுத்து மேஜை மேல் வைத்தாள். போன வாரம் நோட்டே வேண்டாம் என்று முதலில் தள்ளியவள் அவள்தான். "ஒரு நோட்டு" என்றாள். லீடர் எழுந்துபோய் ஒரு நோட்டைக் கொடுத்து வாங்கினாள். கொய்யாக்காரி அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பின்னல்காரியிடம் போய்த் தலையைத் திருப்பி உட்கார்ந்தாள். பின்னல்காரி ஒரு நொடி தயங்கிவிட்டுச் சீப்பை எடுத்தாள்.

நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த காட்சி அதுதான். ஒருத்தி தலை பின்னிக்கொள்வதை அப்படி ஒரு வகுப்பே பார்த்திருக்குமா என்று தெரியவில்லை. பின்னல் முடிந்து ரப்பர் பேண்ட் போட்டதும் சந்தை மறுபடி நடந்தது.

அந்த வாரம் விலை அசையவில்லை. லீடருக்குத்தான் அவஸ்தை. தோரணம் பாதியில் நின்றுபோயிருந்தது. வியாழக்கிழமை அவள் கடைசி பெஞ்சுக்குப் போய், கொஞ்சமே கொஞ்சம் அடித்துக்கொடு, விழா முடிந்ததும் கிழித்துவிடலாம் என்று கெஞ்சினாள். நாங்கள் எல்லாரும் திரும்பி உட்கார்ந்து பார்த்தோம். உண்டியல் தலையை மட்டும் ஆட்டினாள். ஆண்டு விழா, ஹெச்.எம்., வகுப்பு மானம் என்று லீடர் எதையெல்லாமோ சொன்னாள். "முடியாது" என்றாள் உண்டியல். கோபமில்லாமல், யாரிடமோ நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். கடைசியில் லீடர் ஆளுக்கு ஒரு நோட்டு வரி கேட்டு வாங்கினாள். முனகிக்கொண்டே கொடுத்தோம். மிச்சத் தோரணத்தை அவளே உட்கார்ந்து ஒட்டினாள். பார்க்கப் பாவமாக இருந்தது, நாலைந்து பேர் கூலி இல்லாமலே போய்ச் சேர்ந்துகொண்டோம்.

பட்டாம்பூச்சி கிளிப்பை ஃபேன்சி ஸ்டோர்காரி வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாள். பழைய ஜாமெட்ரி பாக்ஸ் நோட்டுக்கே தருகிறேன், எனக்கு மனசு கேட்கவில்லை என்று எடுத்து நீட்டினாள். உண்டியல் வாங்கவில்லை. அது செல்லாத நோட்டு, அதுக்கு நீ கொடுத்தால் மற்றவர்களும் எடுத்துக்கொண்டு வருவார்கள் என்றாள். ரெண்டு வாரம் தண்ணீர் பிடித்துக் கொடுத்து, புது நோட்டு சேர்த்துத்தான் வாங்கினாள். அதை அவள் தலையில் வைத்த அன்றைக்கு வகுப்பு முழுக்க அவள் பின்னந்தலையைத்தான் பார்த்தது.

கிளிப் வாங்கிய வாரத்து வெள்ளிக்கிழமை ஹெச்.எம். டீச்சர் பன்னிரண்டாம் வகுப்புக்காரிகளை எங்கள் அறைக்கு அழைத்துவந்தார். வத்த வைத்த கதையைச் சொல்லச் சொன்னார். நான் வீங்கியதைச் சொன்னேன், உண்டியல் வற்றியதைச் சொன்னாள், கொய்யாக்காரி இரண்டுக்கும் நடுவில் புகுந்து புகுந்து பேசினாள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்புக்காரி ஒருத்தி, அந்தத் தேசத்தில் கூடை தூக்கினவர்களுக்கு அப்புறம் என்னதான் ஆச்சு என்று கேட்டாள். அது எங்கள் புத்தகத்தில் இல்லை. லைப்ரரியில் தேடிச் சொல்கிறோம் என்று நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னோம்.

சாயங்காலம் பஸ்ஸில் எனக்கும் கொய்யாக்காரிக்கும் அதிசயமாகச் சீட்டு கிடைத்தது. ஒரு நாட்டுக்கே பேங்க் நடத்தினால் யாரை வைப்பது, யார் கையில் மையைக் கொடுப்பது என்று ஆரம்பித்தோம். எங்கள் தாசில்தார், பஸ் கண்டக்டர், அவளுடைய பெரியம்மா என்று ஒவ்வொருவராகப் பார்த்துக் கழித்துக்கொண்டே வந்தோம். பெரியம்மாவிடம் கொடுத்தால் மையே வெளியில் வராது என்று அவள் சொல்ல, நான் சிரித்த சிரிப்பில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நிமிர்ந்தால் திருப்புலிவனம் எப்போதோ போயிருந்தது. அவள் ஊரில் இறங்கி, அவள் அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, ரோட்டோரமாகத் திரும்பி நடந்தேன். அவளும் பாதி தூரம் கூடவே வந்தாள். இன்னும் பேசி முடியவில்லை.